வீட்டில் குழந்தை இல்லையே, ப்ளூயியை ஏன் பார்க்கிறீர்கள்?

கேள்வி, 2025 மார்ச் 2

எங்கள் அலுவலகத்தில் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் தம் மேசையில் நீலநிற நாய்ப் பொம்மை ஒன்றை வைத்திருக்கிறார். ப்ளூயி என்ற ஏழு நிமிடக் குழந்தைக் கார்ட்டூனைப் பார்த்து அழுததாக மதிய உணவின்போது எல்லோர் முன்னாலும் சொன்னார். பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் புரிகிறது. பிள்ளை இல்லாத பெரியவர்கள் ஏன் பார்க்கிறார்கள்? மனம் வளராமல் நின்றுவிட்டதன் அடையாளமாகவே இது எனக்குத் தோன்றுகிறது. ரசிகர்கள் யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 2, இரவு

நான் விளக்குகிறேன். எனக்கு வயது 41. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ப்ளூயி தொடரில் இதுவரை வந்த 150-க்கும் மேற்பட்ட எபிசோடுகளைப் பார்த்திருக்கிறேன், பலவற்றைப் பலமுறை. என் மாமியார் பிப்ரவரியில் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். பிள்ளை இல்லாத வீட்டில் பொம்மைப் படம் யாருக்காக ஓடுகிறது என்று அவரும் முதல் வாரத்திலேயே கேட்டார். அன்று அவருக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

தொடரை அறியாதவர்களுக்காகச் சிலவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ப்ளூயி பெண் குழந்தை. நீலநிறத்தைப் பார்த்துப் பையன் என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். ஆஸ்திரேலியாவில் மாட்டு மந்தைகளை ஓட்டுவதற்கென்று உருவான ப்ளூ ஹீலர் இனத்து நாய் அவள். தொடர் தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயது, தங்கை பிங்கோவுக்கு நான்கு. அப்பா பாண்டிட் தொல்லியலாளர். அம்மா சில்லி விமான நிலையத்தில் பாதுகாப்புப் பணியில் இருக்கிறாள். ஜோ பிரம் என்பவர், விளையாடும் தம் இரு மகள்களைக் கவனித்ததிலிருந்து உருவாக்கியது இது. பிரிஸ்பேனில் இருக்கும் லூடோ ஸ்டுடியோ தயாரித்து, 2018 அக்டோபர் 1 அன்று ஏபிசி கிட்ஸ் அலைவரிசையில் முதலில் ஒளிபரப்பானது.

என்னை முதலில் பிடித்து நிறுத்தியது கதைகூட இல்லை, ஊர்தான். கால்கள் மேல் உயர்த்திக் கட்டிய, தகரக் கூரையும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட குவீன்ஸ்லாந்து மரவீடுகள், குப்பைத் தொட்டியைக் கிளறும் வெள்ளை அரிவாள்மூக்கன்கள், பிற்பகல் மூன்று மணிக்குப் புல்வெளி மேல் விழும் அந்த வெயில் என்று நான் தினமும் நடக்கும் தெருவை யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்து வரைந்திருந்தார்கள். வந்தேறியாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தும் எனக்கு ஒட்டாமலே இருந்த ஊர், அந்தப் படங்களின் வழியாகத்தான் எனக்குப் பழக்கமானது.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒரு கணக்கைச் சேர்க்க விட்டுவிட்டேன். 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இணையவழியில் மிக அதிக நேரம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி ப்ளூயி. பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி அது 5,562 கோடி நிமிடங்கள். பெரியவர்களுக்கென்று எடுக்கப்பட்ட எல்லாத் தொடர்களும் அதற்குப் பின்னால்தான் நின்றன. 2021-இல் இதன் இசைத்தொகுப்பு ஆஸ்திரேலிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது; குழந்தைகளுக்கான இசைத்தொகுப்பு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. இத்தனையும் குழந்தைகளால் மட்டும் நடந்திருக்காது.

மார்ச் 9

உதாரணம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'கிரிக்கெட்' என்ற எபிசோடைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்கு அடிக்குறிப்பு தேவையில்லை.

பிறந்தநாள் விருந்து ஒன்றில் அப்பாக்களும் பிள்ளைகளும் சேர்ந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள். ரஸ்டி என்ற சிறுவன் மட்டையைப் பிடித்து நிற்கிறான். அப்பாக்கள் எப்படிப் பந்து வீசினாலும் அவனை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. அவன் எப்படி இவ்வளவு தேர்ந்தவன் ஆனான் என்பது இடையிடையே கதையாக வருகிறது. விடாமல் பந்தைச் சுவரில் அடித்துப் பழகுகிறான். அண்ணனும் அவன் நண்பர்களும் ஆடும் இடத்துக்குப் போய், வேகப் பந்து ஒன்று உடம்பில் பட்டு, அதன்பின் பந்துக்கு அஞ்சி விலகத் தொடங்குகிறான். அவன் தந்தை ராணுவத்தில், தொலைவில் இருக்கிறார். மகன் கடிதம் எழுதுகிறான், அவர் பதில் எழுதுகிறார். அச்சத்தை அவன் கடந்துவிடுகிறான். மறுபடி விருந்துக்கு வருகிறோம். அவனுடைய குட்டித் தங்கை களத்தில் நிற்கிறாள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அடிக்கக்கூடிய பந்தை, அவள் கைக்கு எட்டும்படி மெல்ல உயர்த்தி அனுப்புகிறான். அவள் பிடித்துவிடுகிறாள். அவன் ஆட்டமிழந்து வெளியேறுகிறான்.

'தங்கைக்கு விட்டுக்கொடு' என்று அங்கே யாரும் பாடம் நடத்துவதில்லை.

என் கணவர் தெருக் கிரிக்கெட்டிலேயே வளர்ந்தவர். மட்டை கைக்கு வந்துவிட்டால் இருட்டும் வரை கொடுக்காத பிள்ளைகள் நடுவில் இருந்தவர், தாமும் அப்படித்தான் இருந்ததாகச் சொல்வார். அவருக்கு ஒரு தங்கை உண்டு. இந்த எபிசோடு முடிந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தங்கையிடம் நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று 'பேபி ரேஸ்'. ப்ளூயி எப்போது நடக்கத் தொடங்கினாள் என்பதைச் சில்லி நினைவுகூர்கிறாள். மற்றக் குழந்தைகள் தவழ்ந்து, எழுந்து, நடந்துவிட, தன் குழந்தை மட்டும் பின்தங்குகிறதே என்று அவள் உள்ளுக்குள் நொறுங்கிப்போகிறாள். எட்டுப் பிள்ளை பெற்ற இன்னொரு தாய் வந்து அருகில் அமர்ந்து, நீ நன்றாகவே செய்கிறாய் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். உலகெங்கும் பெற்றோர்கள் தங்களுக்குள் எடுத்துச் சொல்லிக்கொள்ளும் வாக்கியமாக அது ஆகிவிட்டது.

மார்ச் 10

இரண்டு திருத்தங்கள்.

அந்தத் தாய்க்கு ஒன்பது பிள்ளைகள், எட்டு அல்ல.

அடுத்தது பெரிய திருத்தம். மார்ச் 3 அன்று நான் எழுதிய நிமிடக் கணக்கு எதையும் நிரூபிக்கவில்லை. என் நாத்தனார் மகள் மூன்று வயதில் ஒரே எபிசோடை ஒரு நாளில் எட்டு, பத்து முறை பார்ப்பாள். குழந்தைகள் பார்க்கும் முறையே அதுதான். நெருக்கிக் கேட்கும்போது ரசிகர்களாகிய நாங்கள் எண்களின் பின்னால் போய் நின்றுகொள்கிறோம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது, நான் ஏன் பார்க்கிறேன் என்ற கேள்விக்குப் பதிலாகாது. அதை விலக்கிக்கொள்கிறேன்.

மார்ச் 16

'அப்படியானால் இது உண்மையில் பெரியவர்களுக்கான தொடர், குழந்தைகள் தொடர் என்ற போர்வையில் வருகிறது, அவ்வளவுதானே?' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பலமுறை படித்தேன். நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லித் தப்பித்திருக்கிறேன். அலுவலகத்தில் கேட்டால், அதில் பெற்றோருக்கான நுட்பங்கள் நிறைய இருக்கின்றன, ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் இசை வருகிறது, ஓவியம் நேர்த்தி என்று சொல்வேன். கேட்டவர் தலையசைப்பார். நானும் மதிப்பு இழக்காமல் மீண்டுவிடுவேன்.

அந்தப் பதில் தவறு என்று இப்போது நினைக்கிறேன். இது முழுக்க முழுக்கக் குழந்தைகளுக்கான தொடர். குழந்தைகளின் விளையாட்டுக்கு இதில் இருக்கும் மரியாதையை நான் பெரியவர்களுக்கான எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. முதல் எபிசோடில் சைலபோன் என்ற இசைக்கருவி ஒன்று கிடைக்கிறது. அதைத் தட்டினால் எதிரில் இருப்பவர் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். பாண்டிட் உறைந்து நிற்கிறார். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை முகத்தில் பீய்ச்சினாலும் அசைவதில்லை. விதியைப் பிள்ளைகள் வகுத்துவிட்டார்கள், அப்பா அதற்குக் கட்டுப்பட்டவர். நீதிமன்றத்தில் ஒருவர் சட்டத்துக்குக் கட்டுப்படுவதுபோலத்தான் அவர் அதற்குக் கட்டுப்படுகிறார். களைத்திருக்கலாம், முனகலாம், ஆனால் 'இது சும்மா விளையாட்டுதானே' என்று ஒரு முறைகூடச் சொல்வதில்லை.

'டேக்அவே' என்ற எபிசோடில் நடப்பதெல்லாம் இவ்வளவுதான்: உணவகத்து வாசலில், மறந்துபோன ஸ்பிரிங் ரோலுக்காக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குச் சிறுநீர் வருகிறது, குழாய் திறந்துகொள்கிறது, உணவு நாசமாகிறது. அப்பா சோர்ந்துபோய்ப் பிஸ்கட்டுக்குள் இருந்த சீட்டைப் பிரிக்கிறார். பூ மறுபடியும் பூக்கும், மனிதருக்கு இளமை மறுபடியும் வாராது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறது. அவர் எழுந்து தண்ணீரில் இறங்கிப் பிள்ளைகளோடு ஆடுகிறார். ஐந்து நிமிடத்தை நான் எத்தனை முறை வீணென்று கருதிக் கைபேசியில் கழித்திருக்கிறேன் என்று அன்று எண்ணிப்பார்த்தேன்.

குழந்தைத் தொடருக்குள் பெரியவர்களுக்கென்று ஒரு மறைவான கதவு இருக்கிறது என்பதால் நான் பார்க்கவில்லை. ஒரு குழந்தை நிற்கும் உயரத்தில் நின்று பார்த்தால் பெரியவர்கள் எப்படித் தெரிவார்கள் என்பதை இது காட்டுகிறது. அந்த உயரத்திலிருந்து என்னைப் பார்க்க என் வீட்டில் யாரும் இல்லை.

மார்ச் 23

பெரியவர்கள் குழந்தைகளின் இடத்தில் வந்து கூடுவது அச்சமூட்டுகிறது என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இந்த அச்சத்தை நான் புறந்தள்ள மாட்டேன்.

2010 அக்டோபரில் அமெரிக்காவில் 'மை லிட்டில் போனி'யின் புதிய வடிவம், ஃபிரெண்ட்ஷிப் இஸ் மேஜிக் என்ற பெயரில் தொடங்கியது. சிறுமிகளுக்கான குதிரைக்குட்டிப் பொம்மைகளின் தொடர் அது. வளர்ந்த ஆண்கள் ஆயிரக்கணக்கில் அதற்கு ரசிகர்களாகி, தங்களைப் 'ப்ரோனி' என்று அழைத்துக்கொண்டார்கள். 2011-இல் நியூயார்க்கில் சுமார் நூறு பேரோடு தொடங்கிய அவர்களுடைய மாநாடு, 2019-இல் பால்டிமோரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் நிறைவுபெற்றது. அவர்களில் பெரும்பாலோர் இசையமைத்தார்கள், வரைந்தார்கள், தனிமையில் இருந்தவர்கள் நட்புப் பெற்றார்கள். ஆனால் சிலர் வரைந்த பெரியவர்களுக்கான படங்கள், குழந்தைகள் அதே பெயரைத் தேடும் இடங்களிலும் வந்து விழுந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்த்தார்கள் என்றால், அதற்குக் காரணமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே சில வரம்புகளை எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். பிரிஸ்பேனில் 2024 நவம்பரில் 'ப்ளூயிஸ் வேர்ல்ட்' திறந்தபோது, நாத்தனார் மகள் வரும்வரை காத்திருந்து அவளோடுதான் போனேன். ஹீலர் குடும்பத்து வீட்டை உள்ளே அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். எதையும் நான் முதலில் தொடவில்லை. அவள் தொட்டு முடித்து என்னைக் கூப்பிடும்வரை சுவரோரம் நின்றேன். குழந்தைகளுடைய வீட்டுக்கு வந்த விருந்தாளி நான்.

ஏப்ரல் 6

மூன்று நாட்களாக யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். இதுவரை எழுதியவை பொய் அல்ல, ஆனால் சுற்றுவழி.

2021 ஜூலையில் நான் இரண்டாம் முறை கருவை இழந்தேன். மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஒலி அணைக்கப்பட்ட தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோள் முட்டைபோல விரிசல் விட்டுத் திறந்தது. உள்ளிருந்து சின்ன நாய்க்குட்டி ஒன்று வெளிவந்து விண்வெளியில் மிதந்தது. தூரத்தில் பெரிய சூரியன். அந்தக் குட்டி அதன் வெளிச்சத்தில் கண்மூடி நின்றது. என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து உள்ளே போனேன்.

பல வாரங்கள் கழித்துத்தான் அது 'ஸ்லீப்பிடைம்' என்ற எபிசோடு என்று கண்டுபிடித்தேன். பிங்கோ தன் படுக்கையிலேயே இரவு முழுவதும் தனியாக உறங்க முயல்கிறாள். அவள் காணும் கனவுதான் கோள்களும் சூரியனும். பின்னால் ஒலிப்பது ஹோல்ஸ்டின் 'வியாழன்' என்ற இசை. அதைத் தொடரின் இசையமைப்பாளர் ஜாஃப் புஷ் தழுவி அமைத்திருக்கிறார். சூரியன்தான் அம்மா. கண்ணுக்குத் தெரியாதபோதும் உனக்காக இருப்பேன் என்று சூரியன் சொல்கிறது. அலுவலகத்தில் நான் ஹோல்ஸ்டைப் பற்றிப் பேசியதன் பின்னால் இருந்தது இதுதான்.

பிறகு 'ஒன்சீஸ்' வந்தது. சில்லியின் சகோதரி பிராண்டி வெகுகாலத்துக்குப் பின் வீட்டுக்கு வருகிறாள். பிள்ளைகளுக்கு விலங்கு உடைகள் கொண்டுவருகிறாள். பிங்கோ சிறுத்தை உடையை மாட்டிக்கொண்டு சிறுத்தையாகவே ஆகிவிடுகிறாள். இவள் ஏன் நம்மைப் பார்க்க வருவதே இல்லை என்று ப்ளூயி கேட்கிறாள். அவள் மிகவும் விரும்பிய ஒன்று அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை, அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது என்று சில்லி ஒரு குழந்தைக்குச் சொல்லக்கூடிய அளவில் சொல்கிறாள். பெயர் சொல்லவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. நாத்தனாருக்கு மகள் பிறந்தபோது நான் எட்டு மாதம் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஏன் என்று எனக்கே விளங்காதிருந்தது, ஒரு நாய்க்குட்டி கேள்வி கேட்டபோது விளங்கிற்று.

அடுத்த சனிக்கிழமை போனேன்.

ஏப்ரல் 7

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இன்று வேறெதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 14

'தி சைன்' ஒளிபரப்பாகி இன்றோடு ஓராண்டு. 28 நிமிடம் ஓடும் நெடிய எபிசோடு. கேள்வி கேட்டவர் அதையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. பாண்டிட்டுக்கு வேறு நகரத்தில் கூடுதல் சம்பளத்தில் வேலை, வீடு விற்பனைக்கு வருகிறது, புல்வெளியில் அறிவிப்புப் பலகை நிற்கிறது. கடைசியில் பாண்டிட் அந்தப் பலகையைப் பிடுங்கி எறிகிறார், குடும்பம் அங்கேயே தங்குகிறது. உண்மையாகவே வீடு மாற வேண்டிய குழந்தைகளுக்கு இது என்ன சொல்கிறது என்று ரசிகர்கள் நிறைய விவாதித்தார்கள். வேலைக்காக ஊரைவிட்டு வந்தவள் நான், எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் அதைவிட என்னைத் தைத்தது வேறு.

முடிவில் ஒரு கணம் பிராண்டி வயிற்றில் குழந்தையோடு தோன்றுகிறாள்.

அன்று நான் மகிழவில்லை. கிடைக்கப்போவதில்லை என்று சொன்ன ஏழு நிமிடம் எனக்கு உட்கார ஓர் இடம் கொடுத்திருந்தது. அந்த இடத்தை யாரோ எடுத்துவிட்டதுபோல இருந்தது. அவளும் போய்விட்டாள் என்று கணவரிடம் சொன்னேன். ஒரு கார்ட்டூன் நாயிடம் நீ கோபித்துக்கொள்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது என்பதை மட்டும், சற்றுத் தயங்கிச் சொன்னார்.

ஓராண்டு கழித்து என் கோபத்தில் பாதி குறைந்திருக்கிறது. அதே எபிசோடில் ஆசிரியை கலிப்ஸோ பிள்ளைகளுக்கு ஒரு குடியானவன் கதை சொல்கிறாள். நல்லது நடந்தது என்று ஊரார் சொன்னாலும், கெட்டது நடந்தது என்று சொன்னாலும், பார்ப்போம் என்று மட்டுமே அவன் பதில் சொல்கிறான். பிராண்டிக்குக் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. 'ஒன்சீஸ்' சொன்னதும் அழிந்துவிடவில்லை. அது இன்னும் அதே ஏழு நிமிடமாக அங்கேயே இருக்கிறது, வேண்டும்போது நான் அங்கே போகலாம். மீதிப் பாதிக் கோபத்தை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 20

மாமியார் அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பது நேற்று நினைவுக்கு வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே 'ரெய்ன்' என்ற எபிசோடைப் போட்டேன். அதில் பேச்சு ஏறக்குறைய இல்லை, இசை மட்டுமே. மழை பெய்கிறது. வாசல் நடைபாதையில் ஓடிவரும் தண்ணீரை ப்ளூயி அணை கட்டித் தடுக்கப் பார்க்கிறாள். வீட்டுக்குள் ஓடி எதையாவது எடுத்துவருகிறாள். ஒவ்வொரு முறையும் ஈரக்காலோடு உள்ளே வர, சில்லி தரையைத் துடைத்துத் துடைத்து அலுக்கிறாள். தண்ணீர் எப்படியும் வழி கண்டுபிடித்துவிடுகிறது. கடைசியில் அம்மாவும் மழையில் இறங்கி மகளோடு சேர்ந்து தண்ணீரைத் தடுக்க நிற்கிறாள்.

மாமியார் கன்னத்தில் கைவைத்தபடி, சிரிக்காமல், மிகுந்த கவனத்தோடு பார்த்தார். முடிந்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பெண்ணுக்கு மடை அடைக்கத் தெரியவில்லை என்றார். துணியையும் பொம்மையையும் வைத்தால் தண்ணீர் நிற்காது, வைக்கோலைக் களிமண்ணோடு பிசைந்து காலால் மிதித்து வைத்திருந்தால் நின்றிருக்கும் என்றார். எட்டு வயதில் அவர் தம் அப்பாவோடு வயலுக்குப் போய், முறைத் தண்ணீர் வரும் இரவுகளில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றதையும், மடை அடைக்க அவருடைய சின்னக் கால்தான் வாகாக இருக்கிறது என்று அப்பா அவரையே மிதிக்கச் சொன்னதையும், எங்கள் பதினாறு ஆண்டுத் திருமண வாழ்வில் முதல் முறையாக நேற்றுக் கேட்டேன். கணவரும் முதல் முறையாகத்தான் கேட்டார்.

இன்னொரு முறை போடு, அம்மா எந்த இடத்தில் மனம் மாறி வெளியே வருகிறாள் என்று சரியாகப் பார்க்கவில்லை என்றார். போட்டேன்.